கேளாச் செவியும் பாஞ்சாலங்குறிச்சியும்

விளாத்திகுளம் வட்டாரத்துப் பள்ளி ஆண்டுவிழாக்களில் ஒரு சிறுவனேனும் காகித மீசை ஒட்டிக்கொண்டு, கட்டபொம்மனாக நின்று ஜாக்சன் துரையை அதட்டுவான். கரகோஷம் வானைப் பிளக்கும். அவன் முழங்குவது 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்குச் சக்தி கிருஷ்ணசாமி தீட்டிய உரையாடல். வரலாற்றில் நிகழ்ந்த சந்திப்போ அத்தனை சொல்வளம் உடையதன்று. பேச வந்தவரைப் பேசவிடாத சந்திப்பு அது.

1798ஆம் ஆண்டு மே இறுதியில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் செலுத்தவேண்டிய கப்ப நிலுவை 3310 பகோடா என்பது கும்பெனியின் கணக்கு. ஆகஸ்டு 18இல் கலெக்டர் ஜாக்சன், இராமநாதபுரத்தில் வந்து காணுமாறு ஓலை விடுத்தார். விடுத்தவர் ஓரிடத்தில் இருந்தாரில்லை. குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கட்டபொம்மன் அவரைக் காண முயன்றார். இரு இடங்களிலும் அனுமதி மறுக்கப்பட்டது. 23 நாள்கள், ஏறத்தாழ 400 மைல். ஒரு பாளையக்காரர் தம் பரிவாரத்துடன் கலெக்டரின் கூடாரத்தைத் தேடி ஊர் ஊராக அலைவதை வழிநெடுகிலும் மக்கள் கண்டிருப்பர். நிலுவையினும் இதுவே பெரிய அவமானம்.

செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்திப்பு வாய்த்தது. கட்டபொம்மனும் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணிநேரம் நிற்கவைக்கப்பட்டனர். நிலுவையில் பெரும்பகுதி தீர்க்கப்பட்டு 1080 பகோடாவே எஞ்சியிருந்தது. பேசித் தீர்க்க முடியாத தொகையா அது? கோட்டையை விட்டு வெளியேறலாகாது என்ற ஆணையே விடையாயிற்று. தப்பிச் செல்கையில் வாயிலில் கைகலப்பு மூண்டது. லெப்டினண்ட் கிளார்க் மாண்டார், தானாபதி பிடிபட்டார்.

கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். இங்கே கும்பெனிக்கும் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். ஆளுநர் எட்வர்டு கிளைவ் முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசமேஜர் ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்தார். 1798 டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அக்குழுவின் முன் தோன்றி நடந்ததைக் கூறினார். கேட்டார்கள். அவர்மீது குற்றமில்லை என்றார்கள். ஜாக்சன் பதவியிழந்தார், தானாபதி விடுதலை பெற்றார். இராமநாதபுரத்தில் ஒரு நாற்காலியும் சிறிது பொறுமையும் இருந்திருந்தால் கிளார்க்கின் உயிரும் எஞ்சியிருக்கக்கூடும்.

ஆயினும் குழு செவிமடுத்தது ஒரு நாளின் கலகத்தைப் பற்றி மட்டுமே. இந்த மண்ணில் வரி கேட்க வந்தவருக்கு என்ன உரிமை என்ற மூலவினா அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆதலின் அடுத்த கலெக்டர் லூஷிங்டன் காலத்திலும் அழைப்பும் சாக்குப்போக்குமாகவே கடிதங்கள் நடந்தன. 1799 செப்டம்பர் 5இல் பானர்மேனின் படை கோட்டை வாயிலில் நின்றது. செப்டம்பர் 13இல் விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தில் தானாபதி கொல்லப்பட்டார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில், கூட்டப்பட்ட பாளையக்காரர்களின் முன்னிலையில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். விசாரணையின்போது எட்டயபுரத்தாரை அவர் ஏளனமாக நோக்கியதைப் பானர்மேனே தம் மேலிடத்திற்கு எழுதினார். தாம் கேட்ட விடையைக் காட்டிலும் அந்தப் பார்வை அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்த கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி வியப்புடன் எழுதியுள்ளார். வாய்பேசா அத்தலைவர், சில வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் அடுக்கிப் பகைவரின் படை இது என்று காட்டுவாராம். பின்பு மறுகையால் அவற்றைத் துடைத்தெறிவாராம். சூழ நின்றவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. ஆயுதங்களை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.