காடும் ஏடும்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியே நாமக்கல்லுக்குச் செல்வோர், கிழக்கே போதமலையும் அதனை அடுத்துக் கொல்லிமலையும் நீலத்திரை போல நிற்பதைக் காண்பர். இத்தகைய காடுகளைப் பற்றி அறிஞர் எழுதிய ஏடுகள் எங்கே பிறந்தன, யார் கைக்கு எட்டின என்பதை எண்ணிப் பார்க்கவே இன்று முற்படுகிறேன்.

1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் காடுகளின் பாதுகாவலராக அமர்ந்தவர் கிளெக்கார்ன் என்னும் மருத்துவர். தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவரது நூல் 1861-இல் இலண்டனில் வெளியாயிற்று. 1875-இல் ‘இந்தியன் பாரஸ்டர்’ என்னும் வனவியல் இதழ் தோன்றியது. 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. சென்னை மாகாணத் தாவரங்களை வகைப்படுத்திய காம்பிளின் பெருநூலோ, 1915 முதல் பகுதி பகுதியாக இலண்டனில் அச்சாகி, 1925-இல் அவர் மறைந்தபின் பிஷர் என்பவரால் 1936-இல் நிறைவெய்தியது. மரங்கள் நம் மலைகளில் நின்றன. அவற்றைப் பற்றிய நூல்களைக் காணப் பெருநகர் நூலகங்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமையாகும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதனால் காம்பிளின் எழுத்தை இன்று இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கலாம். பழைய ஏடு திறந்துவிட்டது. புதிய ஏட்டின் நிலை என்ன?

நாமக்கல் மாவட்டத்து உழவர் பலர் சவுக்கும் தைலமரமும் வளர்க்கின்றனர். அம்மரங்கள் காகித ஆலைகளுக்குச் செல்கின்றன. என் அண்டை உழவர் ஒருவர், சவுக்கின் பட்டை வெடித்துக் காய்வதற்குக் காரணம் யாதென வினவினார். அதனை ஆராய்ந்த கட்டுரை ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆனால் பணம் செலுத்தினாலன்றிப் படிக்க இயலாதென ஓர் ஆய்விதழ் தடுத்துவிட்டது. காகிதத்திற்கு மரம் தந்தவருக்கே அம்மரத்தைப் பற்றிய எழுத்து மறுக்கப்பட்டது!

ஆராய்ச்சிக் கட்டுரைகள் யாவர்க்கும் விலையின்றிக் கிட்ட வேண்டுமென 2002-இல் புடாபெஸ்ட் அறிக்கை முழங்கியது. தம் நிதியால் விளைந்த கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டுமென மத்திய அரசின் அறிவியல் துறைகள் இரண்டு 2014-இல் கொள்கை வகுத்தன. 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம், அரசுக் கல்வி நிலையங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் பல்லாயிரம் இதழ்களைத் திறந்துவிட்டது. ஆயினும் அந்நிலையங்களுக்கு வெளியே நிற்கும் உழவர் வெளியேதான் நிற்கிறார்.

இதழ் நடத்தச் செலவுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வாசகரிடம் பெறாத கட்டணத்தை எழுதியவரிடம் பெறும் இதழ்களும் உள. ஆனால் மக்கள் வரிப்பணத்தால் நடந்த ஆராய்ச்சிக்கு, அச்செலவையும் முதலிலேயே சேர்த்து நிதி ஒதுக்குவது முறையன்றோ? அத்துடன், ஒவ்வொரு கட்டுரையின் சாரத்தையும் ஒரு பக்கம் தமிழில் எழுதி இணைத்தல் வேண்டும். அப்போதுதான் என் அண்டை உழவரின் வினாவுக்கு நான் விடையளிக்க இயலும். அவர் இன்னும் காத்திருக்கிறார்.