மதுரையில் பிறந்த சிங்களப் படம்

வெசாக் காலத்தில் கொழும்பில் எந்தத் தெருவில் நடந்தாலும் மொஹிதீன் பேக்கின் குரல் காதில் விழும். பந்தலடியிலும் அதுதான், தன்சல் என்ற அன்னதானக் கொட்டகையிலும் அதுதான். புத்தரைச் சரணடையும் பாட்டென்றால் சிங்களச் சனத்துக்கு முதலில் நினைவு வருவது அந்தக் குரல். அவர் முஸ்லிம். 1919இல் சேலத்தில் பிறந்து, பையனாக இங்கே வந்து சேர்ந்தவர்.

கொட்டாஞ்சேனையில் நான் ரெக்கோர்டிங் பார் நடத்திய காலத்தில், வெசாக்குக்கு முந்திய நாட்களில் பேக்கின் பாட்டுகளைக் கசெட்டில் இறக்கிக் கொடுப்பதுதான் முழுநேர வேலை. (உரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டென்பது அன்று எங்கள் தெருவுக்குத் தெரியாது.) வருகிறவர்களிடம் சேலத்துக் கதையைச் சொன்னால் சிலர் நம்பாமல் சிரிப்பார்கள். சிலர், "அதனாலென்ன முதலாளி, அவர் எங்கட மனுசன்தானே" என்பார்கள். படித்த வாடிக்கையாளர்கள் மட்டும் வேறொன்று சொல்வார்கள்: பழைய சிங்களப் படப்பாட்டெல்லாம் மெட்ராஸ் கொப்பி, அதில் கேட்க ஒன்றுமில்லை.

கொப்பிதான், மறுக்கவில்லை. ஆனால் கொப்பி என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுகிறதா?

படத்துக்கு முன்னால் நாடகம். 1880களில் பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பெனிகள் கொழும்புக்கு வந்தன. பளபளக்கும் உடை, மாறும் திரை, நிமிடத்துக்கொரு பாட்டு. பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தப் பைத்தியத்திலிருந்து எழுந்ததுதான் நுர்த்தி என்ற சிங்கள இசைநாடகம். ஜோன் டி சில்வா என்ற வழக்கறிஞர் சிங்கள மன்னர்களின் கதைகளை நாடகமாக்கினார். பௌத்தப் பெருமையும் பழைய பண்பாடும் திரும்பிவர வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசைக்கு மெட்டுப் போட ஆள் தேடியபோது அவர் அழைத்துக்கொண்டது இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜியை. லவ்ஜிக்குச் சிங்களம் தெரியாது. காட்சி என்ன, பாத்திரத்தின் மனநிலை என்ன என்று எடுத்துச் சொல்ல, அவர் வட இந்திய ராகங்களில் மெட்டமைத்தார். அந்த மெட்டில் டி சில்வாவின் சொற்கள் உட்கார்ந்தன. 1903இல் மேடையேறிய 'சிறீசங்கபோ' அப்படி உருவானது. அதில் வரும் அநுராதபுரத்தைப் பற்றிய 'தன்னோ புதுங்கே' பாட்டு இன்று ஏறத்தாழ இரண்டாவது தேசிய கீதம். 1911இல் மருதானையில் டவர் ஹோல் திறக்கப்பட்ட பிறகு இந்த மெட்டுகள் ஊரெல்லாம் பரவின.

அந்த மேடைகளின் வழியில் வந்தவர்தான் ருக்மணிதேவி. நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையில் 1923இல் பிறந்தபோது அவர் பெயர் டெய்சி டேனியல்ஸ். கொழும்புச் செட்டி குடும்பம், கிறிஸ்தவர்கள். 1939இல் அவர் பாடி வந்த முதல் இசைத்தட்டு புத்தகயாவைப் போற்றுவது. கிறிஸ்தவப் பெண் புத்தகயாவைப் பாட, சேலத்து முஸ்லிம் புத்தரைப் பாட, இரண்டு பேரும் சேர்ந்து காதல் டூயட்டும் பாடினார்கள். வாங்கிக் கேட்ட சனம் அவர்களுடைய ஞானஸ்நானச் சீட்டைக் கேட்கவில்லை. ஊசி தேயும்வரை தேய்த்தது.

முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரி 21இல் வெளிவந்தது. படம் எடுக்கப்பட்டது மதுரையில், சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். எஸ். எம். நாயகம் என்ற தமிழர்தான் தயாரிப்பாளர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற இந்தியர். கதையும் நடிகர்களும் நீர்கொழும்பின் மினர்வா நாடகக் குழுவினர், பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதி ஊரூராக ஓடிய நாடகம். நாயகி ருக்மணிதேவி. இலங்கையில் ஸ்டூடியோ இல்லை, ஒலிப்பதிவுக் கருவி இல்லை, லேப் இல்லை. கோட்டையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்தால் தனுஷ்கோடி. அங்கிருந்து மதுரை எவ்வளவு தூரம்? அன்றைய கணக்கில் சிங்களப் படத்துக்கு மதுரை பக்கத்து ஊர்.

அதே ஆண்டு இரண்டாவது படம் 'அசோகமாலா'. இது கோயம்புத்தூரில், சென்ட்ரல் ஸ்டூடியோவில். இசை முகம்மது கௌஸ், எல்லோருக்கும் 'கௌஸ் மாஸ்டர்'. பேக் திரைக்குப் பாடத் தொடங்கியது இதில்தான். வயலினோடு சேர்ந்து வந்த பொடியன் அல்பர்ட் பெரேரா. பின்னாளில் அமரதேவ என்ற பெயரில் சிங்கள இசையின் முகமாக ஆனவர் அவர்தான். எனக்கு இந்தப் படத்தின் கதையைவிட இந்தக் கோயம்புத்தூர்க் கூட்டம்தான் பெரிய விஷயம்.

பிறகு வந்தது வெள்ளம். கே. குணரத்தினம் தயாரித்த 'சுஜாதா' (1953) இந்திப் படமொன்றின் தழுவல். இயக்கியவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். அதில் பேக்கோடு சேர்ந்து பாடியவர் கே. ஜமுனாராணி. ஜிக்கி, ஏ. எம். ராஜா என்று நமக்குத் தெரிந்த குரல்களெல்லாம் சிங்களத்தில் பாடின. ஜமுனாராணியின் அந்தப் பாட்டைச் சிங்களம் தாய்மொழியாக உள்ள எத்தனையோ பேருக்குப் பதிந்து கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூட உச்சரிப்பைக் குறை சொன்னதில்லை. நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி ரேடியோ சிலோனில் வயலின் வாசிக்க வந்தவர். இங்கேயே தங்கி, சிங்களப் படங்களுக்கு இசையமைத்து, இங்கேயே மறைந்தார். மெட்டு மட்டும் வந்துபோயிருந்தால் அதைக் கொப்பி என்று தள்ளலாம். இங்கே ஆட்கள் வந்தார்கள், குடியேறினார்கள், பிள்ளை குட்டி பெற்றார்கள்.

இந்த மெட்ராஸ் பாணிக்கு எதிர்ப்பும் சும்மா வந்ததல்ல. யா-எலயைச் சேர்ந்த சுனில் சாந்த, குமாரதுங்க முனிதாசவின் 'ஹெல ஹவுல' இயக்கத்தோடு நின்றவர். அந்த இயக்கத்துக் கவிஞர்கள் வடமொழிக் கலப்பில்லாத சிங்களத்தில் எழுதினார்கள். சுனில் சாந்த அந்த எளிமைக்கு ஏற்ற மெட்டுத் தேடினார். எங்கள் மறைமலையடிகளின் தனித்தமிழ்க் கதைதான், இசையோடு. 1952இல் ரேடியோ சிலோன் தன் கலைஞர்களைத் தரம் பிரிக்க லக்னோ இசைக் கல்லூரியிலிருந்து ரத்தன்ஜங்கர் என்ற இசை ஆசானை அழைத்து வந்தது. சுனில் சாந்த அந்தக் குரல் தேர்வுக்குப் போக மறுத்துவிட்டார். சிங்களப் பாட்டுக்கு இந்தியரிடம் தராதரப் பத்திரம் எதற்கு என்பது அவர் கேள்வி. வானொலிக் கதவு அவருக்கு அடைபட்டது. அவர் படித்துப் பட்டம் பெற்றதே அந்த லக்னோ கல்லூரியில்தான் என்பதைச் சேர்த்து யோசித்தால், அது வெறும் பிடிவாதமில்லை என்பது விளங்கும்; குருவின் வீட்டு வாசலில் நின்று தன் வீட்டைக் கேட்டவர். அவருடைய தட்டுகளையும் நான் பேக்கின் தட்டுகள் வைத்த அதே அலுமாரியில்தான் வைத்திருந்தேன். தனித்தட்டில் வைக்கச் சொன்ன வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

1956க்கு வருவோம். ஜூனில் தனிச்சிங்களச் சட்டம். டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ': ஸ்டூடியோச் சுவரை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலில் எடுத்த படம். இசை சுனில் சாந்த, பாட்டு கத்தோலிக்கப் பாதிரியார் மர்சலின் ஜயக்கொடி. அடுத்த ஆண்டு கான் விழாவுக்குப் போனது. இங்கே தியேட்டரில் படுத்தது. மெட்ராஸ் பாணியை உதறிய முதல் படம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், சரிதான். சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவில், நவம்பர் 3இல், லயனல் வென்ட் அரங்கில் நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே'. இந்த மண்ணின் நாடகம் கிடைத்துவிட்டது என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அந்த மண் எது என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. சரச்சந்திர அதற்காகத் தேடிப் பிடித்தது அம்பலாங்கொடையின் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை. அவர் 'நாடகம்' என்ற சிங்கள ஆட்டவகையின் அண்ணாவியார். கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போய், மத்தளமும் விருத்தமுமாக அங்கேயே ஊறிய கலை அது. மெட்ராஸ் பாணியை உதறியாயிற்று. அடியில் கிடந்தது தமிழ்க் கூத்து.

'மனமே'யை உருவாக்கிய அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் சு. வித்தியானந்தன். சிங்களவன் நம்மிடம் வாங்கிய கூத்தை வைத்து உலகத் தரத்தில் நாடகம் செய்கிறான், நாம் அதைப் படிக்காதவர் பொழுதுபோக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்திருக்க வேண்டும். மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி, மாணவர்களை ஆடவைத்தார். 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' வந்தன. ஆடியவர்களில் சி. மௌனகுரு ஒருவர். கொடுத்ததை மறந்தவர்களுக்கு, வாங்கியவர் வழியாகவே அது திரும்பி வந்தது.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. ஹெந்தளையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. உள்ளே இருந்தவை சிங்களப் படங்களின் மூலச் சுருள்கள். சிங்களப் படம் எடுத்துப் பெயர் வாங்கிய தமிழ் இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். குணரத்தினத்தை 1989இல் சுட்டார்கள். பழைய படங்கள் பலவற்றின் பாட்டு மட்டும் இன்று கிடைக்கிறது என்றால், இசைத்தட்டுகள் ஸ்டூடியோவில் அல்ல, வீடுகளில் இருந்தன என்பதுதான் காரணம்.

2016 பெப்ரவரி 4, சுதந்திர தினம், காலிமுகத்திடல். கிஷானி ஜயசிங்க என்ற சோப்ரானோ பாடகி 'தன்னோ புதுங்கே'யை மேற்கத்திய ஒபரா பாணியில் பாடினார். அடுத்துத் தொலைக்காட்சியில் வசை: சிங்களப் பாட்டை அந்நியமாக்கிவிட்டாளாம். லவ்ஜியின் பெயர் அந்தச் சண்டையில் பெரிதாக அடிபடவில்லை. அதே நாள், அதே திடலில், புலவர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்த தேசிய கீதம் நீண்ட காலத்துக்குப் பிறகு தமிழில் பாடப்பட்டது. அதற்கும் வசை விழுந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2020இல், அதிகாரப்பூர்வ விழாவில் அந்தத் தமிழ் கீதம் மறுபடி இல்லாமல் போயிற்று. 'தன்னோ புதுங்கே'யோ லவ்ஜியின் மெட்டிலேயே தொடர்ந்து ஒலிக்கிறது.