கருவிகளிடையே ஓர் உடன்பாடு

பூட்டு ஒருவர் செய்தது; திறவுகோல் மற்றொருவர் செய்தது. இரண்டும் பொருந்துதல் அரிது. திரைப்படத் துறையோ தொடக்கத்திலேயே இவ்விடரை வென்றது.

1909ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய படத் தயாரிப்பாளர்கள், 35 மில்லிமீட்டர் சுருளுக்குப் பொதுவான துளையமைப்பை ஏற்றனர். பிறநாட்டுக் காமிராவில் எடுத்த படமும் கோடம்பாக்கத்துத் தொகுப்பு மேசையில் தடையின்றி ஓடியதற்கு இத்தகைய பொது அளவே காரணம்.

கணிப்பொறி வந்தபோது அவ்வொற்றுமைக்குச் சோதனையும் வந்தது. கமல்ஹாசன் நடித்து 1994இல் வெளிவந்த 'மகாநதி', ஆவிட் என்னும் கணிப்பொறி முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்பர். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையோ 25 சட்டங்கள். எனினும் கணிப்பொறியில் செய்த வெட்டு, நெகட்டிவில் உரிய சட்டத்திலேயே விழுதல் வேண்டும். இத்தகைய பணியில் துணைநின்றவை சுருளின் ஓரத்தில் பதிந்த எண்களே.

2009இல் வெளிவந்த 'உன்னைப்போல் ஒருவன்' சுருளின்றி, ரெட் ஒன் என்னும் டிஜிட்டல் காமிராவால் படமாயிற்று. அக்காமிராவுக்கெனத் தனிக் கோப்பு வடிவம் உண்டு. அதைப் படிக்கும் வழி அறியாத மென்பொருளுக்கு அது வெறும் எண்குவியலே. 2011இல் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், வெளிவந்தபோது தன் முந்தைய பதிப்பில் உருவான தொகுப்புகளையே திறக்க இயலாதிருந்தது!

பழஞ்சுருளை ஒளியில் ஏந்தினால் உருவம் தெரியும். படிக்கும் மென்பொருள் மறைந்தால் கோப்பு ஊமையாகும். ஏடு சிதையுமுன் புத்தேட்டில் பெயர்த்தெழுதிக் காத்தனர் நம் முன்னோர். பெசன்ட் நகரிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையச் சுவடிகளைக் காணும் மாணவர் இதனை உணர்வர். படங்களையும் பொது வடிவில் பெயர்த்துக் காத்தல் இத்தலைமுறையின் கடமையன்றோ?