நால்வரும் ஒருசேர மறப்பார்களா? - கணக்கு கற்பித்தலின் பழைய வரலாறும் இன்றைய பாடமும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவன் ஒருவன் ஆயர் ஈத்தாமில் உள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தான். சமுதாயக் கல்லூரியில் மின்கம்பி பொருத்தும் பயிற்சியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. கைவேலையில் கெட்டிக்காரன். ஆனால், கணிதத்தில் இரண்டாம் முறையும் தேறவில்லை.

"படிப்பை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன், ஐயா" என்றான்.

"யாரோடு உட்கார்ந்து கணக்குச் செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"யாரோடும் இல்லை, ஐயா. அறையில் தனியாகத்தான். நீங்கள்தானே வகுப்பில் யாரோடும் பேசாமல் செய்யச் சொல்வீர்கள்?"

அவன் குறையாகச் சொல்லவில்லை. நல்ல பழக்கம் என்று நினைத்தே சொன்னான். எனினும் அச்சொல் என்னை உறுத்தியது. பல ஆண்டுகளாக நான் அமைதியான வகுப்பையே நல்ல கணித வகுப்பு என்று நம்பி வந்தவன். அந்நம்பிக்கை சரிதானா என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1623: கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள்

இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623ஆம் ஆண்டு, இன்றைய கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த இக்கேரிக்குச் சென்றார். அங்கே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஆசிரியர் அருகில் இல்லை. ஒருவன் பாடத்தை இசையோடு சொல்லியபடியே தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதினான். மற்ற மூவரும் அவ்வாறே சொல்லி, அவ்வாறே எழுதினர். மணல் நிரம்பியதும் அழித்துவிட்டுத் தொடர்ந்தனர்.

பாடம் மறந்துபோனால் திருத்துவது யார் என்று அவர் கேட்டார். நால்வரும் ஒரே நேரத்தில் மறந்துபோவது நடவாது. ஒருவன் மறந்தால் இன்னொருவன் சொல்லிக் கொடுப்பான் என்பதே அச்சிறுவர்களின் விடை. கல்வியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் கருத்தை அவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

நம் திண்ணைப் பள்ளிகள்

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் மணலெழுத்தும் கூட்டுப் பயிற்சியும் இருந்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்லி மனத்தில் பதித்தனர். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். முந்நூற்று இருபதில் ஒரு பங்காகிய முந்திரியைப் பத்து வயதுப் பிள்ளை மனக்கணக்காகக் கையாண்டான். இன்று கால் வாசிக்கும் அரைக்கால் வாசிக்கும் நம் பிள்ளைகள் திணறுவதை நினைத்துப் பாருங்கள்.

இக்கணக்கு மரபை ஆராய்ந்த செந்தில் பாபு 2022இல் ஆங்கிலத்தில் ஒரு விரிவான நூலை வெளியிட்டுள்ளார். நிலம் அளத்தல், நெல் அளத்தல், கூலி பகிர்தல் ஆகிய அன்றாடத் தொழில்களோடு அக்கணக்கு பிணைந்திருந்ததை அவர் ஆய்வு காட்டுகிறது.

ஆயினும், பழம்பெருமை பேசி மட்டும் அமைய இயலாது. திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் மாணவர்களை மேய்த்த சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் குறிப்பிட்டுள்ளார். பிரம்படியும் அங்கே இருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அத்திண்ணை எல்லாருக்கும் உரியதாக இல்லை. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலருக்குச் சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட திண்ணை அது.

சென்னையிலிருந்து இலண்டனுக்கு

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முனைந்தார். உதவி ஆசிரியர்கள் இது நடவாது என்றனர். உடனே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். 1797இல் பெல் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது.

ஆனால், அங்கே அது வேறு உருவம் கொண்டது. ஓர் ஆசிரியர், சில சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று செலவைக் குறைக்கும் இயந்திரமாயிற்று. மேலிருந்து வந்த பாடத்தைச் சட்டாம்பிள்ளை கீழே ஒப்புவித்தான். விளங்கியதா என்று கேட்பாரில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அம்முறை செல்வாக்கு இழந்தது. மாணவனுக்கு அதிகாரம் கொடுப்பது வேறு. மாணவனுக்குத் துணை கொடுப்பது வேறு. இக்கேரிச் சிறுவர்களிடம் இருந்தது துணை.

பெர்க்லியில் ஒரு கண்டுபிடிப்பு

ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே உண்மை அமெரிக்காவில் மறுபடியும் கண்டறியப்பட்டது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோல்வியுற்றனர். ஆர்வக் குறைவு, ஏழ்மை, பெற்றோரின் அக்கறையின்மை என்று பேராசிரியர்கள் காரணம் கூறினர். நம் ஆசிரியர் அறையிலும் கேட்டுப் பழகிய காரணங்கள்தாமே இவை!

யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் இக்காரணங்களை அப்படியே ஏற்கவில்லை. கறுப்பின மாணவர் இருபதின்மரையும் சீன அமெரிக்க மாணவர் இருபதின்மரையும் அவர்கள் படிக்கும் இடத்திற்கே சென்று கவனித்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகவே உழைத்தனர். ஆனால், பெரும்பாலும் தனித்தே உழைத்தனர். சீன மாணவர்கள் தனியாகப் படித்த பின்னர் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டனர். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். ஒரு கணக்கு எவருக்கும் வரவில்லையென்றால் அது கடினமான கணக்கு என்று அறிந்துகொண்டனர். தனித்திருந்தவரோ தம் அறிவையே குறை கூறிக்கொண்டனர்.

1978 அளவில் டிரைஸ்மன் கூட்டுப் பயிலரங்கைத் தொடங்கினார். 'பின்தங்கியோர் வகுப்பு' என்று அதற்குப் பெயரிடவில்லை. எளிய கணக்குகளையும் தரவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகச் செய்ய வைத்தார். அதில் பங்கேற்ற மாணவர்களின் தேர்ச்சி வியக்கத்தக்க அளவு உயர்ந்தது.

சமுதாயக் கல்லூரிகளில் நிகழ்ந்த மாற்றம்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் கணிதத்தில் பின்தங்கியவரை நீண்ட காலம் அடிப்படை வகுப்புகளில் அமர்த்தினர். ஒன்று முடித்து இன்னொன்று என்று படிபடியாக ஏறவேண்டும். 2010இல் வெளியான ஆய்வொன்றின்படி, அவ்வாறு அனுப்பப்பட்டவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எல்லாப் படிகளையும் முடித்தனர். பலர் தோற்றதனால் அல்ல, அடுத்த படிக்குப் பதிவு செய்யாமலேயே நின்றுவிட்டனர்.

2013இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மூன்று சமுதாயக் கல்லூரிகளில் ஒரு சோதனை நடந்தது. பின்தங்கியவர் எனக் கணிக்கப்பட்ட 907 மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று பிரிவாகப் பிரித்தனர். அடிப்படை இயற்கணிதம் மட்டும் படித்தவருள் 39 விழுக்காட்டினர் தேறினர். அதே பாடத்தோடு வாரந்தோறும் பயிலரங்கும் பெற்றவருள் 45 விழுக்காட்டினர் தேறினர். நேரே கல்லூரி நிலைப் புள்ளியியலில் சேர்ந்து பயிலரங்கும் பெற்றவருள் 56 விழுக்காட்டினர் தேறினர். பாடங்கள் வேறு என்பதால் எண்களை எச்சரிக்கையாகவே ஒப்பிட வேண்டும். எனினும், கீழே இறக்கிவிடாமல், இருக்கும் நிலையிலேயே துணை கொடுத்தால் மாணவன் எழுவான் என்பது தெளிவு.

நம் பிள்ளைகளின் நிலை

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் 2001இல் தொடங்கின. அதற்கு முன்பே, ஆயர் ஈத்தாமிலிருந்து பத்து பகாட் செல்லும் சாலையில் உள்ள பாரிட் ராஜாவில், 1993இல் போலிடெக்னிக் விரிவுரையாளர்களுக்கான பயிற்சி மையம் எழுந்தது. அதுவே வளர்ந்து இன்று துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமாக நிற்கிறது. தொழிற்கல்வி கற்பிப்பவரும் கற்பிக்கக் கற்கவேண்டும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்திலேயே உள்ள சான்று அது.

நம் பிள்ளைகளுக்கு மொழிச் சுமையும் உண்டு. 2003இல் கணிதம் ஆங்கிலத்திற்கு மாறியது. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவெடுத்தது. அதன்பின் படிப்படியாகத் தமிழ் திரும்பியது. இடைநிலைப்பள்ளியிலோ மலாய். என் மாணவனுக்கு விகிதம் தெரியும். 'நிஸ்பா' என்றால் அதுதான் என்பதை எவரும் சொல்லவில்லை. சொல் தெரியாததைக் கணக்குத் தெரியாதது என்று அவனும் நினைத்தான், மற்றவரும் நினைத்தனர்.

அன்று மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை பற்றிய கணக்கொன்றைக் கொடுத்து, எனக்குக் கற்பிக்கும்படி அவனைக் கேட்டேன். தமிழில் தொடங்கி மலாயில் முடித்தான். பாதியில் நின்று, "இங்கேதான் ஐயா எப்போதும் தவறுகிறேன்" என்று தானே கண்டுகொண்டான். வகுப்புத் தோழர் இருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். இப்போது மூவரும் வாடகை வீட்டின் அஞ்சடியில் அமர்ந்து படிக்கிறார்களாம். மறுதேர்வு இனிமேல்தான். ஆயினும், சிங்கப்பூர்ப் பேச்சு நின்றிருக்கிறது.

நானும் என் வகுப்பை மாற்றிக்கொண்டேன். முதலில் ஐந்து நிமிடம் தனியாகச் செய்யவேண்டும். பிறகு மூவர் மூவராக விளக்கிக்கொள்ளவேண்டும். விளக்குபவர் நாள்தோறும் மாறுவார். நிலையான சட்டாம்பிள்ளை கிடையாது. ஆறாம் ஆண்டில் ஒவ்வொரு கணிதச் சொல்லுக்கும் மலாய்ச் சொல்லையும் எழுதி வைக்கிறோம். வகுப்பில் இரைச்சல் கூடியிருக்கிறது. அதைப் பொறுத்தருளுமாறு பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டுள்ளேன்.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் குறையில்லை. "இன்று படித்ததை எனக்குச் சொல்லிக் கொடு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காரட்டும். பேசுகிறார்களே என்று விரட்டாதீர்கள்.