மலைச்சரிவும் வழங்கியின் சிறு கட்டளைகளும்

ஊவாத் தோட்டங்களிலே பொழுது புலருமுன் தப்பு ஒலித்தது, தொழிலாளர் பெரட்டுக் களத்திற் கூடினர், வேலை பிரித்தளிக்கப்பட்டது, செக்ரோலிலே பெயர் விழுந்தது. குறித்த நேரம், குறித்த கட்டளை, செய்த வேலைக்கு ஒரு பதிவு எனும் இம்மூன்றுமே தோட்ட நிருவாகத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயக்கிவந்தன. இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் வழங்கி எனும் கணினியும் இம்மூன்றினாலேயே இயங்குகின்றது என்பது நோக்கற்பாலது.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே யுனிக்ஸ் இயக்கமுறைமை தோன்றியது. 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பிலே, கட்டளைகளை ஒரு கோப்பாகத் தொகுத்து இயக்கும் போர்ன் ஷெல்லும், அவற்றைக் குறித்த வேளையில் தானே இயக்கும் கிரானும் இடம்பெற்றன. முன்னையது வேலைப்பட்டியல் எனின், பின்னையது தப்பு எனலாம். நடந்தவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக்கோப்பு செக்ரோலை ஒத்தது. இலங்கையில் 1990இல் லேர்ன் எனும் பல்கலைக்கழக வலையமைப்பு மின்னஞ்சலைத் தொடக்கிவைத்தது. 1995இல் இணைய இணைப்புக் கிட்டியது. 2005இல் பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இச்சிறு கட்டளைகள் ஊவா மக்களின் உயிரோடு தொடர்புறும் இடம் மழையாகும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு, 100 ஆயின் ஆயத்தம், 150 ஆயின் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு எல்லைகளை வகுத்துள்ளது. ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்யினும் வெளியேறல் வேண்டும். தானியங்கி மழைமானி அனுப்பும் அளவை இவ்வெல்லைகளோடு ஒப்பிட்டுச் செய்தி அனுப்புதல் சில வரிகளாலாய கட்டளைக் கோவைக்கு எளிதான பணியே. எனினும் அதனை வழங்கியிடம் ஒப்படைப்போர் நான்கு அமைப்புகளிற் கருத்தூன்றல் வேண்டும்.

முதலாவது காலம். இலங்கையின் நேரம் கிறீனிச் நேரத்திலும் ஐந்தரை மணி முந்தியதாக இருந்தது. 1996 மே மாதத்தில் அது ஆறரையாகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரையாயிற்று. அன்று காலவலயக் கோப்பைப் புதுப்பியாத வழங்கியின் கடிகாரம் அரைமணி முந்தியே ஓடும். ஆதலின் பதிவுகளை உலகப் பொது நேரத்திற் சேமித்து, காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுதல் நன்று.

இரண்டாவது எழுத்து. 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் யூ.ரி.எப்.-8 எனும் குறியீட்டு முறையை வகுத்தனர். தரவுத்தளம் இலத்தீன் குறியீட்டில் அமைந்திருப்பின் தமிழ்ச் செய்தி வெறும் வினாக்குறிகளாய் முடியும். மேலும், ஆங்கிலக் குறுஞ்செய்தி 160 குறிகளைக் கொள்ள, தமிழ்க் குறுஞ்செய்தி 70 குறிகளையே கொள்ளும். அதிலும் ‘கா’ என்பது இரு குறிகளாகும். இதனை அறியாது எழுதப்பட்ட கட்டளைக் கோவை, ‘வெளியேறுக’ எனும் சொல்லுக்கு முன்னரே செய்தியை அறுத்துவிடக்கூடும்.

மூன்றாவது எல்லை. 75, 100, 150 ஆகிய எண்களைக் கோவையின் நடுவே புதைக்காது, தனி அமைப்புக் கோப்பில் வைத்தல் வேண்டும். ஆய்வு முன்னேற எல்லை மாறுமாயின், திருத்துவோர் தேடி அலையார்.

நான்காவது மௌனம். மழை பெய்யாமையும் தரவு வாராமையும் ஒன்றல்ல. மழைமானி பழுதுற்றவிடத்து அதனைச் சுழியம் எனக் கொள்ளும் கோவை, பெருமழையிலும் ‘ஆபத்தில்லை’ என்றே கூறும். குறித்த நேரத்துக்குள் தரவு வாராவிடின் அதனையே எச்சரிக்கையாக அறிவித்தல் வேண்டும்.

ஆயினும் கட்டளைக் கோவையின் ஆற்றல் எல்லையற்றதன்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்துண்டு என்பது 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மக்களுக்கு மாற்றிடம் அமையவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெரிதும் பாதிக்கப்பட்டது. செய்தியை நொடியில் அனுப்ப வழங்கியால் இயலும். காணி வழங்க அதனால் இயலாது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அவ்வுரிமை ஏட்டிலிருந்து லயன் அறைக்குச் செல்லும் வழியிலே வழங்கியும் ஒரு படியாகும். அதனை அமைக்கும் கைகள் தமிழும் மலையும் அறிந்தவையாதல் வேண்டும். மலையகப் பட்டதாரிகள் இத்துறையிற் புகுதலுக்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.