ஆம்பூர் ஷூவும் நைலானிடம் தோத்த பாலியெஸ்டரும்

இன்னிக்கு எபிசோட் ஆம்பூர் பத்தி. பிரியாணி இல்லைங்க, ஷூ.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டின இந்த ஊர்கள் ரொம்ப காலம் தோலைப் பாதி பதப்படுத்தி ஏற்றுமதி பண்ணிட்டு இருந்தன. அதை ஷூவாக்கி லாபம் பார்த்தது வெளிநாட்டுக்காரங்க. 1972இல் சீதாராமையா கமிட்டி இதை மாத்தணும்னு சொன்னது. அடுத்த வருஷமே பாதி பதப்படுத்திய தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுசா முடிச்ச தோல், ஷூவோட மேல்பாகம், அப்புறம் முழு ஷூன்னு தொழில் படிப்படியா நகர்ந்தது.

முழு ஷூன்னா சோல் ஒட்டணும். அங்கதான் வேதியியல் உள்ளே வருது.

1930இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் கரோதர்ஸ் குழு பாலியெஸ்டரை இழையா இழுத்துக் காட்டியது. ஆனா 100 டிகிரிக்குள்ளேயே அது உருகிடுச்சு. கொதிக்கிற தண்ணி தாங்காத இழையில துணி நெய்ய முடியுமா? அதை ஒதுக்கிட்டு 1935இல் நைலானுக்குப் போனாங்க. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் சங்கிலிக்குள்ள பென்சீன் வளையத்தைச் சேர்த்தாங்க. உருகுநிலை சுமார் 260 டிகிரிக்கு ஏறியது. நாம போடுற பாலியெஸ்டர் சட்டை அதுதான்.

ஆனா 260 டிகிரியில பசையை உருக்கினா தோல் கருகிடும். சோல் ஒட்டுற பாலியூரித்தேன் பசைகள் பலவற்றுக்கும் அந்தப் பழைய, சீக்கிரம் உருகுற வகைதான் அடிப்படை. அடிப்பிக் அமிலமும் பியூட்டேன்டையாலும் சேர்ந்த பாலியெஸ்டர் 60 டிகிரி பக்கத்துல உருகும். ஆறினதும் சங்கிலிகள் ஒழுங்கா அடுக்கிப் படிகமாகும். சோலை முதல்ல பிடிச்சு நிறுத்துறது அந்தப் படிகம்தான்.

இப்ப அதுல வேற டையால் கொஞ்சம் கலந்தா? ஒரே அளவு செங்கல் நடுவுல வேற அளவு கல்லைச் செருகின மாதிரி. அடுக்கு குலையும், படிகமாக நேரம் எடுக்கும், உருகுநிலையும் இறங்கும். கலப்பு எவ்வளவோ அதுக்கேத்த மாதிரி உருகுநிலை எப்படி இறங்கும்னு 1955இல் கோட்பாடு எழுதினவர் ஃப்ளோரி. இளவயசுல கரோதர்ஸ்கிட்ட வேலை பார்த்தவர்.

இது ஷூ லைன்ல நிக்கிறவங்களை நேரா பாதிக்கும். பசை தடவி, காயவச்சு, சூடாக்கி, சோலைப் பொருத்தி பிரஸ்ஸில் அழுத்துறாங்க. பசை வேகமா படிகமானா பிடிப்பு சட்டுனு வரும், ஆனா சோலை நேரா வைக்க கிடைக்கிறது சில நொடிதான். மெதுவா ஆனா கை நிதானமா வேலை செய்யலாம், ஆனா பிரஸ்ஸைத் திறந்ததும் விளிம்பு பிரியலாம். உருகுநிலை ரொம்ப இறங்கினா, வெயில்ல நிக்கிற கன்டெய்னருக்குள்ளேயே பசை இளகும். அதனாலதான் பல பசைகள்ல ஹார்டனரும் கலக்கிறாங்க. அது சங்கிலிகளை ஒன்னோட ஒன்னு கட்டிப் போடும்.

துணிக்கு ஆகாதுன்னு ஒதுக்கின அதே குணம்தான் இங்க தேவைப்பட்டது. ஏற்றுமதிக் கொள்கை ஷூவை ஆம்பூருக்குக் கொண்டு வந்தது. அந்த லைன்ல ஒருத்தருக்கு எத்தனை நொடி கிடைக்கும்கிறதுல, எங்கேயோ ஒரு ஆய்வகத்தில் முடிவான கலவைக்கும் பங்கு இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.