கேலிக்கும் ஓர் இரசிகர் கூட்டம்

தெருக்கூத்தில் அரசன் வருமுன் கட்டியங்காரன் வருகின்றான். அரசனுடைய பெருமைகளை அவையோர்க்கு எடுத்துரைப்பவன் அவனே; அரசன் வந்து கொலுவீற்றிருந்தபின், அவன் பேச்சை இடைமறித்துக் கேலி பேசுபவனும் அவனே. அரச வேடம் புனைந்தவர் அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. கதையில் பற்றுள்ள அவையே கதை பழிக்கப்படும்போதும் நகைக்கின்றது. திரைப்படம் வந்தபின் இந்தக் கட்டியங்காரனுக்கு இடமில்லாது போயிற்று. வெண்திரையில் தோன்றும் தலைவனை எவரும் இடைமறித்தல் இயலாது. கொட்டகையின் முன்வரிசையிலிருந்து எழும் சீழ்க்கையும் குத்தல் பேச்சுமே எஞ்சின.

முன்வரிசையின் அப்பேச்சைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விஜய் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'லொள்ளு சபா' ஆகும். இராம்பாலா இயக்கிய இந்நிகழ்ச்சி, வாரந்தோறும் ஒரு புகழ்பெற்ற படத்தை எடுத்து, அதன் பெயரைச் சற்றே திரித்து, கதையைத் தலைகீழாக்கி நடித்துக் காட்டியது. அரங்க அமைப்பு எளியது. உடைகள் அதனினும் எளியவை. அந்த எளிமையே நகைச்சுவைக்குத் துணையாயிற்று. பெரும்பொருள் செலவிட்டு எடுத்த ஒரு காட்சியை நான்கு பேர் ஓர் அறைக்குள் நடித்துக் காட்டினால், அக்காட்சியின் வெறுமை தானே வெளிப்பட்டுவிடும் அன்றோ? சந்தானம் இங்கிருந்தே திரையுலகுக்குச் சென்றார். யோகி பாபுவும் இங்கே தலைகாட்டியவரே. மனோகர், சுவாமிநாதன், ஜீவா, சேஷு ஆகியோர்க்கோ நிகழ்ச்சியின் பெயரே பெயரின் முன்னொட்டாயிற்று. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சேஷு மறைந்தபோதும், 'லொள்ளு சபா சேஷு' என்றே செய்திகள் அவரைக் குறித்தன.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 2007இல் வெளிவந்த 'போக்கிரி' படத்தை இந்நிகழ்ச்சி பகடி செய்தபோது, அப்படத்தின் தலைவருடைய இரசிகர்கள் கடுஞ்சினங் கொண்டனர். கட்டியங்காரனைப் பொறுத்துக்கொண்ட தமிழ் அவைக்கும் நட்சத்திரத்தைத் தெய்வமாகக் கொண்ட இரசிகர் மன்றத்துக்கும் இடைப்பட்ட தொலைவு அன்று நன்கு புலனாயிற்று. ஆயினும் கேலி செய்வோர்க்கென்றே ஓர் இரசிகர் கூட்டம் அதற்குள் உருவாகிவிட்டது. நிகழ்ச்சி நின்ற பின்னரும் அதன் பழைய பகுதிகளைத் தேடிப் பார்த்து, வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கும் கூட்டம் அது.

அமெரிக்காவிலும் இத்தகைய கூட்டம் ஒன்று உண்டு; அதன் வரலாறு நம்மவர் கதைக்கு நல்ல உரைகல். 1988ஆம் ஆண்டு நவம்பரில் மினியாபொலிசு நகரின் சிறிய தொலைக்காட்சி நிலையம் ஒன்றில், யோவல் ஹாட்சன் என்பவர் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஒரு மனிதனும் இரண்டு இயந்திரப் பாவைகளும் கொட்டகை இருக்கையில் அமர்ந்து மிக மோசமான படங்களைப் பார்க்கின்றனர். அவர்களுடைய நிழலுருவம் திரையின் அடியில் தெரிகின்றது. படம் ஓட ஓட அவர்களுடைய கேலியும் ஓடுகின்றது. ஒளிநாடாக்களைக் கைம்மாற்றிப் பரப்புமாறு நிகழ்ச்சியின் இறுதியில் இரசிகரை வேண்டிக்கொண்ட காலமும் உண்டு. 1993இல் ஹாட்சன் விலக, மைக்கேல் நெல்சன் அவ்விடத்தில் அமர்ந்தார். இருவருள் யார் சிறந்தவர் என்ற பூசல் இரசிகரிடையே நெடுங்காலம் நீடித்தது. 1999இல் நிகழ்ச்சி நின்றது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2015இல், ஹாட்சன் பொதுமக்களிடமே பொருள் கேட்டார். 48,000க்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 57 இலட்சம் டாலர் வழங்கினர். 2017 ஏப்ரலில் நெட்பிளிக்ஸ் வழியே 14 பகுதிகள் ஒருசேர வெளிவந்தன. பொருள் கொடுத்தவர்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சியோடு கணக்கும் பார்த்தனர். பாவைகளின் குரல் பழைய குரலன்று என்றனர் சிலர். கேலிகள் மூச்சுவிட இடமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகின்றது என்றனர் வேறு சிலர். இரண்டாவது குறை நுட்பமானது. மோசமான படத்தைக் கேலி செய்ய வேண்டுமாயின், அப்படம் தன் மோசத்தை முழுதும் காட்டுவதற்குச் சிறிது நேரம் விடுதல் வேண்டும். கட்டியங்காரனும் அரசன் பாட்டு முடியும்வரை காத்திருப்பவனே.

தமிழில் இதற்கு ஒப்பான மீள்வருகை திரைப்படத்தில் நிகழ்ந்தது. 2010 சனவரியில் சி. எஸ். அமுதன் இயக்கத்தில், சிவா நடித்த 'தமிழ்ப் படம்' வெளிவந்தது. அதில் சினிமாப்பட்டி என்றொரு கிராமம். மிதிவண்டியின் மிதியைச் சுழற்றிக்கொண்டே பாலகன் வாலிபனாகின்றான். ஒரே இரவில் பரதநாட்டியம் கற்கின்றான். ஒரு பாட்டு முடிவதற்குள் செல்வந்தனாகின்றான். இளைஞரான நண்பர் மூவராக எம். எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா ஆகிய மூத்த நடிகர்கள் தோன்றுகின்றனர். ஐம்பதாண்டுப் பழக்கங்கள் ஒரே படத்தில் அம்பலமேறின. கடலுக்கு அப்பால் மதுரையில் இருப்பவரும், திருகோணமலையில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் இருப்பவரும் ஒரே இடத்தில் சிரிப்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. அப்பழக்கங்கள் இரு கரைக்கும் பொதுச் சொத்து.

2018 சூலையில் அதே இயக்குநரும் அதே நடிகரும் இரண்டாம் பாகத்துடன் வந்தனர். படம் வருமுன்னரே அதன் சுவரொட்டிகள் பெருநட்சத்திரங்களின் சுவரொட்டிகளைப் பகடி செய்து பெரும் ஆரவாரத்தை எழுப்பின. படம் வந்தபின் இரசிகர் இரு திறத்தாராயினர். சதீசு பல வேடங்களில் தோன்றும் வில்லத்தனத்தை ஒரு சாரார் கொண்டாடினர். மறுசாரார்க்கோ, முதற் படத்தில் கேலிக்கென ஒரு கதை இருந்தது, இதில் காட்சிகளின் வரிசையே இருக்கின்றது என்ற குறை. இக்குறை முற்றிலும் பொய்யன்று. ஆனால் பழி முழுவதும் படத்தின்மேல் சாராது. எட்டாண்டு இடைவெளியில் ஒவ்வோர் இரசிகனும் கைத்தொலைபேசியுடன் கட்டியங்காரனாகிவிட்டான். புதுப்படம் வெளிவந்த அன்று மாலைக்குள்ளேயே அதனைப் பகடி செய்யும் படங்கள் ஊரெங்கும் உலவுகின்றன. அவ்வளவு விரைந்த அவையை ஒரு திரைப்படம் முந்திச் சிரிக்கவைத்தல் எளிதன்று.

2025 மே மாதம் லொள்ளு சபாவின் பழைய கூட்டாளிகளான சந்தானமும் எஸ். பிரேம் ஆனந்தும் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' என்ற படத்துடன் வந்தனர். பிரேம் ஆனந்து இயக்க, சந்தானம் படங்களைத் தாக்கி விமர்சிப்பவனாக நடித்தார். அவனை ஓர் இயக்குநரின் ஆவி தன் படத்துக்குள்ளேயே சிறைப்பிடிக்கின்றது. முன்வரிசையில் அமர்ந்து கேலி பேசியவன், தான் கேலி பேசிய பேய்ப்படக் காட்சிகளின் ஊடே உயிர்தப்ப ஓடுகின்றான்.